வாசல் நிலையில் 'விரோதிகிருது' என்று இருக்கிறது: எங்கள் வீடு கட்டியது 1851இலா, 1911இலா?

கேள்வி: மூன்றாம்கட்டு

காரைக்குடியை அடுத்த ஒரு பேரூரில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டில் இப்போது யாரும் குடியிருக்கவில்லை. படைப்புக்கும் (முன்னோருக்குப் படையலிடும் சடங்கு) கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிறோம். மற்ற நாள்களில் காவலுக்கு இருக்கும் அம்மா காலையில் வந்து முற்றம் பெருக்கி, மாலையில் விளக்கேற்றிவிட்டுப் போகிறார். பதினொரு புள்ளிகளுக்கு (எங்கள் நகரத்தார் செட்டியார் வழக்கில், மணமான ஒரு தம்பதியின் குடும்பம் ஒரு புள்ளி) பொதுவான இந்த வீட்டை அடுத்த ஆண்டில் பாகம் பிரித்துக்கொள்வது என்று பங்காளிகள் பேசி முடித்துவிட்டார்கள். அதன் பிறகு யார் பாகம் நிற்கும், யார் பாகத்தின் தூண்களும் கதவுகளும் கழற்றி விற்கப்படும் என்று சொல்ல முடியாது. ஆகவே பிரிவதற்கு முன்பு வீட்டின் வரலாற்றை நாற்பது பக்கத்துக்காவது எழுதி, புள்ளிக்கு ஒரு படியாகக் கொடுத்துவிட வேண்டும் என்று தொடங்கியிருக்கிறேன்.

முதல் பக்கத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கிறேன். வாசல் நிலையின் மேல்கட்டையில் கஜலட்சுமிக்குக் கீழே 'விரோதிகிருது௵ தை௴' (௵ ஆண்டுக் குறி, ௴ மாதக் குறி) என்று வெட்டியிருக்கிறது. அதற்குப் பின்னால் வரும் எழுத்துகள் எண்ணெய்ப் பிசுக்கும் பழைய வார்னிஷும் ஏறி மூடிக் கிடக்கின்றன. இது 1851ஆம் ஆண்டு என்பது அப்பச்சியின் (என் அப்பாவின்) கணக்கு. பாட்டையா பர்மாவில் கொண்டுவிற்று (வட்டித் தொழில் செய்து), தேக்கைக் கப்பலில் ஏற்றித் தொண்டியில் இறக்கி, மாட்டு வண்டியில் கொண்டுவந்து கட்டினார் என்றுதான் நாங்கள் எல்லோரும் கேட்டு வளர்ந்தோம். அறுபது ஆண்டுச் சுழற்சியில் அதே பெயர் 1911இலும் வருகிறதே என்று என் தம்பி மகன் கேட்ட நாளிலிருந்து வீட்டில் அமைதி போய்விட்டது. பெரியப்பச்சி '1851' என்று கருங்கல்லில் பொறித்து முகப்பில் பதிக்க முன்பணமே கொடுத்துவிட்டார்.

இன்னொரு செய்தியும் உண்டு. முகப்பும் வளவும் (முற்றத்தைச் சுற்றிய முதல் பகுதி) அதன் பின்னால் உள்ள இரண்டாம் கட்டும் ஒரே கையால் கட்டியவை போலத் தெரிகின்றன. மூன்றாம் கட்டு மட்டும் தாழ்வாகவும் சுவர் தடிமனாகவும் இருக்கிறது. ஆண்டை எப்படி உறுதிசெய்வது, எந்த ஆவணத்தை எங்கே தேடுவது என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.


பதில்: ஓட்டுக்கூரை

பழைய வீடுகளைச் செப்பனிடும் வேலையில் இருபது ஆண்டுகளாக இருக்கிறேன். பெரும்பாலும் உங்கள் பக்கத்து ஊர்களில்தான். முதலில் ஒரு சிறு திருத்தம்: தை மாதம் என்று வெட்டியிருப்பதால் அது 1851உம் ஆகாது, 1911உம் ஆகாது. விரோதிகிருது ஆண்டு சித்திரையில் பிறக்கிறது. அதன் தை மாதம் அடுத்த ஆங்கில ஆண்டின் ஜனவரி, பிப்ரவரியில் விழும். ஆகவே உங்கள் முன் உள்ள கேள்வி 1852இன் தொடக்கமா, 1912இன் தொடக்கமா என்பதே. பெரியப்பச்சியின் கல்லை எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

மீதி எழுத்துகளை வெளியே எடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். மண்ணெண்ணெயில் நனைத்த பருத்தித் துணியை ஒற்றி ஒற்றி எடுத்தால் பிசுக்கு ஊறி வரும். மாதக் குறியை அடுத்துத் தமிழ் எண்ணில் தேதியும், பெரும்பாலும் கிழமையும் இருக்கும். தேதியோடு கிழமை கிடைத்தால் வழக்கு முடிந்தது என்றே வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் ஒரே தமிழ்த் தேதி அறுபது ஆண்டு இடைவெளியில் அதே கிழமையில் வருவது அரிது. 1912இல் தை முதல் தேதி ஜனவரி 14, ஞாயிற்றுக்கிழமை. 1852இல் அது ஞாயிறன்று வரவில்லை. எழுத்தை எடுத்தபின் நீங்களே விரல்விட்டு எண்ணிக்கொள்ளலாம். நிலையில் வெட்டியிருப்பது பெரும்பாலும் நிலை வைத்த நாள் என்பதையும் மறக்க வேண்டாம். அடித்தளம் அதற்கு ஓராண்டுக்கு முன்பும், புதுமனை புகுந்தது இரண்டு மூன்று ஆண்டு கழித்தும் இருக்கலாம்.

அடுத்து, வீட்டையே கேளுங்கள். வளவின் மேல்மாடியைத் தாங்கும் இரும்பு உத்திரம் இருந்தால் ஏணி வைத்து ஏறி அதன் நடுப்பட்டையைத் துடைத்துப் பாருங்கள். இங்கிலாந்திலிருந்து வந்த உத்திரங்களில் ஆலையின் பெயர் புடைப்பு எழுத்தில் உருட்டப்பட்டிருக்கும். இந்த வட்டாரத்தில் நான் அடிக்கடி காண்பது மிடில்ஸ்பரோவின் டோர்மன் லாங். அந்த நிறுவனம் தொடங்கியதே 1875இல்தான். அந்தப் பெயருள்ள உத்திரம் 1852இல் சுவரேற வழியே இல்லை. சமையற்கட்டுச் சாய்ப்பில் மங்களூர் ஓடு இருந்தால் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள், ஆலையின் பெயர் அச்சாகியிருக்கும். மங்களூரில் பேசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு அந்த ஓட்டுத் தொழிலைத் தொடங்கியது 1865இல். ஆனால் ஓட்டை வைத்து வீட்டுக்கு வயது சொல்வது ஆபத்து. குரங்கும் புயலும் உடைத்த ஓட்டை மாற்றாத வீடு எங்கே இருக்கிறது? தரையில் ஆத்தங்குடிக் கல் இருப்பதும் அப்படியே. அது சிமெண்டை நம்பிய தொழில், பழைய தளத்தின் மேல் பிற்காலத்தில் பாவியதாகவும் இருக்கலாம்.

தேக்கு இருப்பதால் 1852 பொய் என்று உங்கள் தம்பி மகன் வாதிட்டால் அதையும் ஏற்காதீர்கள். பர்மாவின் மௌல்மீன் பகுதி 1826இலேயே ஆங்கிலேயர் கைக்கு வந்து, அங்கிருந்து தேக்கு ஏற்றுமதியாகத் தொடங்கிவிட்டது. மரம் மட்டும் எதையும் தீர்க்காது.

மூன்றாம் கட்டைப் பற்றி நீங்கள் எழுதியதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. இரண்டாம் கட்டின் சுவர் மூன்றாம் கட்டோடு சேரும் மூலையில் பூச்சு விண்டிருக்கும் இடம் ஏதாவது இருந்தால் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரே காலத்தில் கட்டிய சுவர்கள் என்றால் செங்கல் ஒன்றுக்குள் ஒன்று பல் பிடித்திருக்கும். பின்னால் ஒட்டவைத்த சுவர் என்றால் மேலிருந்து கீழாக ஒரே நேர்கோடாகப் பிளவு ஓடும். பழைய பகுதியில் சுண்ணாம்புக் காரைக்குப் பதில் மண் சாந்தும், தேக்குக்குப் பதில் வேம்போ இலுப்பையோ பனங்கையோ இருக்கிறதா என்றும் பாருங்கள்.


பதில்: பத்திரக்கட்டு

முப்பத்தாறு ஆண்டுகள் ஆவண எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். மேலே நண்பர் சுவரைப் படிக்கச் சொல்லிவிட்டார். நான் காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

பலரும் முதலில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஓடி, நூறாண்டுக்கு முந்தைய பட்டா கேட்டு, இல்லை என்ற பதிலோடு திரும்புவார்கள். உங்கள் பகுதி சிவகங்கை, ராமநாதபுரம் ஜமீன்களில் அடங்கியது. ரயத்துவாரிப் பகுதிகளைப் போல அரசு நேரடியாக அளந்து பழைய காலத்திலேயே பதிவேடு எழுதிய இடம் அல்ல. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அங்கே அரசின் நில அளவையும் தீர்வையும் வந்தன. அதிலும் வீடுகள் நிற்கும் இடம் கிராம நத்தம். நத்தத்துக்குத் தனித்தனியே பட்டா கொடுக்கும் வேலை மிகப் பிற்காலத்தது. ஆகவே 'அ' பதிவேட்டில் (கிராம நில விவரப் பதிவேடு) உங்கள் பாட்டையாவைத் தேடிக் காலைத் தேய்க்க வேண்டாம்.

நீங்கள் போக வேண்டிய இடம் சார்பதிவாளர் அலுவலகம். அசையாச் சொத்துப் பத்திரங்களின் பதிவு 1865 முதல் நம்மிடம் நடந்து வருகிறது. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள கிரயம் என்றால் பதிவு கட்டாயம். வில்லங்கச் சான்று இணையத்தில் கிடைப்பது பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதல்தான். அதற்கு முந்தியதைக் கைப்பட மனுக் கொடுத்துத் தேட வைக்க வேண்டும். அங்கே இரண்டு வகை அட்டவணைகள் உண்டு: ஒன்று எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்ப்படி, மற்றொன்று சொத்துப்படி. உங்களிடம் அந்தக் காலத்து அளவை எண் இராது என்பதால் பெயர்ப்படியான அட்டவணையையே நம்ப வேண்டும்.

அங்கேதான் உங்கள் சமூகத்தின் விலாசம் கைகொடுக்கும். பாட்டையாவின் பெயரை மட்டும் கொடுத்தால் ஒரே ஊரில் அதே பெயரில் பத்துப் பேர் வருவார்கள். பாட்டன், பூட்டன் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து வட்டிக்கடைக்கு வைத்த அந்த விலாசத்தோடு கொடுங்கள், உங்கள் ஆள் தனியே வந்து நிற்பார். எந்த ஊர் அலுவலகத்தின் எல்லைக்குள் அன்று உங்கள் ஊர் இருந்தது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அலுவலகங்கள் பிரிந்திருக்கின்றன, மாவட்டமே மாறியிருக்கிறது. 1910 வரை நீங்கள் மதுரை மாவட்டம், பிறகு ராமநாதபுரம், 1985 முதல் சிவகங்கை.

கிரயப் பத்திரத்தை மட்டும் தேடாமல் அடமானம், பாகப்பிரிவினை, கூர்ச்சீட்டு (பங்கு பிரித்த விவரச் சீட்டு) எல்லாவற்றையும் தேடச் சொல்லுங்கள். வீட்டைப் பற்றி அதிகம் பேசுவது பாகப்பிரிவினைப் பத்திரம்தான். கிழக்குப் பார்த்த வாசல், கல்லுக்கட்டுக் கிணறு, போசனசாலை, அதன் வடபுறம் ஆள் போகும் சந்து என்று சொத்து விவரத்தில் அடுக்கியிருப்பார்கள். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தால், இன்று இல்லாதது எது, பிறகு வந்தது எது என்று தானே புலப்படும்.

பேட்டகத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். ஐந்தொகைக் கணக்கு (வரவு செலவு இருப்புக் கணக்கு), மொய்ப்பண ஏடு, இசைகுடிமானம் (திருமண ஒப்பந்தச் சீட்டு) என்று கட்டிக் கட்டி வைத்த சமூகம் உங்களுடையது. கரையான் விட்டது போக எது இருந்தாலும் அது வருவாய்த் துறைப் பதிவேட்டைவிடப் பெரிது.


பதில்: இரங்கூன்பேத்தி

என் தாயாரின் ஐயா பெகு மாவட்டத்தில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக (கடை நடத்துபவருக்கு அடுத்த நிலைப் பணியாளாக) இருந்தவர். பர்மா என்று வந்துவிட்டதால் எழுதுகிறேன்.

உங்கள் அப்பச்சி சொல்லும் கதையில் ஆண்டுகள் பொருந்தவில்லை என்றே எனக்கும் தோன்றுகிறது. இரண்டாம் ஆங்கிலேய பர்மியப் போர் நடந்தது 1852இல். இரங்கூன் ஆங்கிலேயரிடம் விழுந்தது அந்த ஏப்ரலில். நெல்லில் பெரும்பணம் புரளத் தொடங்கியது அதற்கும் பிறகு, குறிப்பாக 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின். இன்று நாம் பார்க்கும் முகப்பும் மாடியுமான வீடுகளுக்கான பணம் அந்தக் காலத்தில் சேர்ந்தது. கதையை ஒருவர் வாய்க்கு ஒருவர் வாய் மாற்றிச் சொல்லும்போது கொள்ளுப்பாட்டனும் அவருக்கு முந்தியவரும் ஒரே ஆளாகிப் போவது எல்லாக் குடும்பத்திலும் நடக்கிறது. எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையை விழுங்கிவிட்டு, ஒரே ஆள் நூற்றுப்பத்து வயது வாழ்ந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

வீடு எப்போது தொடங்கியது என்பதோடு எப்போது நின்றது என்பதையும் எழுதுங்கள். எங்கள் வீட்டு மேல்மாடியில் கிழக்குப் பக்கம் பூசாத செங்கல்லாகவே இருக்கிறது. சிறுவயதில் நாங்கள் அதைப் பேய் அறை என்போம். உண்மையில், 1930இல் நெல் விலை விழுந்தபோது கடன் வாங்கியவர்களால் கட்ட முடியாமல், பணமாக வர வேண்டியது வயலாக வந்து சேர்ந்தது. 1937 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் பெயரில் இருந்தது என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். அந்த நிலத்தை வைத்துக்கொண்டு கொத்தனாருக்குக் கூலி கொடுக்க முடியாது என்று அப்பத்தா சொல்வார். 1941 டிசம்பர் 23இல் இரங்கூனில் குண்டு விழுந்தது. அடுத்த மார்ச்சில் நகரமும் விழுந்தது. ஐயா அரக்கான் வழியாக நடந்து வந்து சேர்ந்தபோது அவரிடம் இருந்தது ஒரு கடைச் சாவிக்கொத்து. அது இன்னும் எங்கள் பூசை அறையில் தொங்குகிறது. நிலம் 1948க்குப் பிறகு நாட்டுடைமை ஆயிற்று.

கடைசியாக ஒன்று. ஆண்டைத் தேட நிலையையும் உத்திரத்தையும் பார்க்கச் சொன்னார்கள். இரட்டை வீட்டு அறைகளில் (ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய இரட்டை அறைகள்) அடுக்கியிருக்கும் பாத்திரங்களை யாரும் சொல்லவில்லை. ஒவ்வோர் ஆச்சிக்கும் சீராக வந்த பித்தளை அண்டா, குத்துவிளக்கு, தூக்குச்சட்டி எல்லாவற்றிலும் பெயரை வெட்டியிருப்பார்கள், சிலவற்றில் ஆண்டும் இருக்கும். அந்த வீட்டுக்கு யார் எப்போது மருமகளாக வந்தார் என்ற பதிவேடு அதுதான். ஆச்சிமாருடைய சீதனப் பணம் தனிப்பற்றாக, தனிக் கணக்கில், கடையில் வட்டிக்குக் கிடந்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு பேட்டகத்தைத் திறங்கள்.


பதில்: மூன்றாம்கட்டு

ஏழு வாரம் கழித்து எழுதுவதற்கு மன்னியுங்கள். சொன்னவற்றையெல்லாம் செய்தேன்.

நிலையில் 'தை௴ ௰௨௳ வியாழக்கிழமை' என்று இருக்கிறது. தை 12 வியாழன் என்றால் 1912 ஜனவரி 25தான். வளவு மாடியில் நான்கு உத்திரங்கள். இரண்டில் டோர்மன் லாங் என்று தெளிவாக வாசிக்க முடிந்தது, மற்ற இரண்டில் வண்ணம் தடித்துப்போய் எழுத்து பிடிபடவில்லை. அப்பச்சி ஏணிக்குக் கீழே நின்று நான் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பெரியப்பச்சியிடம் அவரே தொலைபேசியில் பேசிக் கல் வேலையை நிறுத்தச் சொன்னார்.

ஆனால் அவர் முழுக்கத் தோற்கவும் இல்லை. இரண்டாம் கட்டும் மூன்றாம் கட்டும் சேரும் மூலையில் தரை முதல் உத்திரம் வரை ஒரு விரல் நுழையும் அளவுக்கு நேர்ப்பிளவு ஓடுகிறது. அதற்கு அப்பால் மண் சாந்துச் சுவர், வேப்பமர நிலைகள், பனங்கை. தேக்கு ஒரு துண்டுகூட இல்லை. பழைய வீட்டைக் கட்டாகச் சேர்த்துக்கொண்டு அதன் முன்னால் புதிய வீட்டை எழுப்பியிருக்கிறார்கள். எங்களுக்கு மூத்தவர்கள் வாழ்ந்த வீடு அந்தத் தாழ்ந்த கட்டுதான். நாங்கள் அதை விறகும் உடைந்த தொட்டிலும் போடும் இடமாக வைத்திருந்தோம். அதற்கு ஆண்டு எதுவும் கிடைக்கவில்லை, எழுதவும் போவதில்லை.

பேட்டகத்தில் கரையான் தின்றது போக ஒரு கட்டு மிஞ்சியது. முகப்பும் வளவும் நிற்கும் மனையின் கிரயப் பத்திரம் அதில் இருந்தது, 1909இல் பதிவானது. வாங்கியவர் பெயரைப் பார்த்து முதலில் வேறு வீட்டுப் பத்திரமோ என்று நினைத்தேன். பாட்டையா பெயர் இல்லை, அவருடைய மனைவியின் பெயர் இருக்கிறது. 'என் சீதனப் பணத்திலிருந்து ரொக்கம் கொடுத்து' என்று ஆச்சி சொல்வதாகவே பத்திரம் எழுதியிருக்கிறது. அதே விலாசமும் அதே பெயரும் இரட்டை வீட்டின் மூன்றாம் அறையில் இருக்கும் பெரிய அண்டாவின் கழுத்திலும் வெட்டப்பட்டிருக்கின்றன. அந்த அண்டாவில் கல்யாணத்துக்குக் கல்யாணம் தண்ணீர் நிரப்பியிருக்கிறோம். பாட்டையாவின் எண்ணெய் வண்ணப் படம் முகப்பில் இரண்டு முழ உயரத்துக்குத் தொங்குகிறது. ஆச்சிக்கு ஒரு புகைப்படமும் இல்லை.

நாற்பது பக்கத்தில் பாதியை இனி அவரிலிருந்துதான் தொடங்கி எழுத வேண்டும். அவர் எந்த ஊரில் பிறந்தவர், இசைகுடிமானம் கிடைக்குமா என்று அவருடைய பிறந்த வீட்டுப் பக்கம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். பாகப்பிரிவினைக்கு மாசியில் நாள் பார்த்திருக்கிறார்கள், அதற்குள் முடித்துவிடுவேன்.


பதில்: பத்திரக்கட்டு

தம்பி, வரலாற்றைப் பிறகு எழுதலாம். அந்தப் பத்திரத்தின் சான்றிட்ட நகலை உடனே சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கி, ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். மாசி வரை காத்திருக்க வேண்டாம்.

பதினொரு புள்ளி என்று நீங்கள் எண்ணுவது வீடு பாட்டையாவின் ஆண் வாரிசுகளுக்கு வந்த கூட்டுக் குடும்பச் சொத்து என்ற நினைப்பில். மனை ஆச்சியின் சீதனப் பணத்தில், ஆச்சி பெயரில் வாங்கியது என்றால் கணக்கு வேறு. அவர் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு முன் காலமாகியிருந்தால் பழைய இந்து முறைப்படி சீதனச் சொத்து பெரும்பாலும் மகன்களுக்கு முன்பாக மகள்களைச் சேரும். அதற்குப் பின் என்றால் மகனுக்கும் மகளுக்கும் சமமாகச் சேரும். இத்தனை ஆண்டு வீடு யார் அனுபோகத்தில் இருந்தது, இடையில் அவர் உயிலோ தானமோ எழுதினாரா, கட்டடத்துக்குப் பணம் யார் போட்டது என்பதெல்லாம் சேர்ந்துதான் தீர்வாகும் என்பதால் நான் முடிவாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் பெண் வழியில் வந்தவர்களின் கையெழுத்து இல்லாமல் பாகப்பிரிவினை எழுதிப் பதிந்துவிட்டால், பிற்பாடு வாங்க வருகிறவரின் வழக்கறிஞர் முதலில் கேட்கப் போவது 1909ஆம் ஆண்டுப் பத்திரத்தைத்தான்.

ஆச்சிக்கு மகள்கள் எத்தனை பேர், எந்த ஊர்களில் கொடுத்தார்கள் என்று மொய்ப்பண ஏட்டில் பாருங்கள்.